இலக்கு 16.3ஐ வடகொழும்பில் எங்கிருந்து தொடங்குவது? விளக்கமறியல், பிணை, மொழி

வடகொழும்பு வாசி (கேள்வி)

வணக்கம். மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலை செய்கிற ஒரு சிறிய சமூக அமைப்புக்கு மூன்று வருடத் திட்டம் ஒன்று எழுதுகிறோம். வாழ்வாதாரம், பெண்கள் சேமிப்புக் குழு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இந்தமுறை ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்கு 16உம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். குறிப்பாக 16.3: சட்டத்தின் ஆட்சி, எல்லோருக்கும் சமமாக நீதி கிடைத்தல். தலைப்பைப் போட்டு நான்கு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்து, ஒப்பம் வாங்கி, படம் எடுத்து முடிக்கிற வேலையாக அது போய்விடக் கூடாது.

தோட்டங்களில் (நகரத்து நெருக்கமான குடியிருப்புகளில்) கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை இதுதான். நாட்கூலிக்குப் போகிறவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய், தீர்ப்புக்கு முன்பே சிறையில் வைக்கிறார்கள். விளக்கமறியல். பிணை கிடைத்த பிறகும் வெளியே வர நாட்கள் எடுக்கின்றன. அதற்குள் வேலை கைவிட்டுப் போகிறது, நகை அடகுக்குப் போகிறது, மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறது. சேமிப்புக் குழுவில் ஒரு வருடம் சேர்த்தது ஒரு மாதத்தில் கரைகிறது.

கேட்க வேண்டியவை: ஒரு சின்ன அமைப்பு இதில் எந்த இடத்தில் கைவைத்தால் உண்மையில் நாட்கள் குறையும்? அதை எப்படி அளப்பது? உலக மட்டத்துச் சுட்டிகளை ஒரு வட்டாரத்துக்கு அப்படியே எடுக்கலாமா? சட்டப் பிரிவு, படிவம், காலக்கெடு என்று துல்லியமாகச் சொன்னால் பெரிய உதவி.

புதுக்கடைக் குறிப்பேடு

நல்ல இடத்தில்தான் தொடங்குகிறீர்கள். பிடிபட்ட நேரத்திலிருந்து சிறை வாசலைத் தாண்டி வெளியே வரும் நேரம் வரைக்கும் நாட்கள் எங்கெங்கே போகின்றன என்று முதலில் பிரித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் உங்களுக்குக் கை எட்டாது. எட்டுகிற இடங்கள் உண்டு, அங்கே போகிற நாட்களும் கொஞ்சமல்ல.

முதல் கட்டம் பொலிஸ் நிலையம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் பிடிக்கப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். ஏன் பிடிக்கிறோம் என்று சொல்லவேண்டியது 23ஆம் பிரிவு. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது. குடும்பம் அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: பிடித்த திகதி, மணி, இடம், எந்த நிலையம், கூட்டிப்போன உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவைப்பது. 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதுதான் பிறகு சண்டையாகும். பொலிஸ் குறிப்பில் பிடித்த நேரம் பிந்தி எழுதப்பட்டிருந்தால் அதை மறுக்க வேறு சான்று இருக்காது. சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம் என்று 2012இல் விதிகள் வர்த்தமானியில் வந்திருக்கின்றன. "கோர்ட்டுக்கு வாங்கோ, இங்கே வேலை இல்லை" என்று வாசலில் சொன்னால் அந்த விதிகளைக் காட்டலாம். சிறு குற்றமாக இருந்து பிணை கொடுக்கக்கூடியதென்றால் பொலிஸ் நிலையத்திலேயே பிணை கொடுத்து விடவும் வழியிருக்கிறது. கேட்காததால் பலருக்கு அது கிடைப்பதில்லை.

இரண்டாவது கட்டம் நீதவான் நீதிமன்றம். விசாரணை முடியாவிட்டால் பொலிஸார் 115ஆம் பிரிவின்கீழ் அறிக்கையோடு ஆளை முற்படுத்துவார்கள். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எல்லோரும் "பி அறிக்கை" என்பது இதைத்தான். பிறகு நடைமுறையில் 14 நாள் தவணைகள் தொடங்கும். இந்த முதல் நாளில் சட்டத்தரணி இல்லாமல் நிற்பவர்தான் அதிகம் இழக்கிறார். மேல் நீதிமன்ற வழக்கில் சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்கு அரச செலவில் ஒருவரை நீதிமன்றமே ஒதுக்கும். நீதவான் முன் முதல் தடவை நிற்கும்போது அந்த ஏற்பாடு தானாக நடப்பதில்லை. சட்ட உதவி ஆணைக்குழு (1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம்) புதுக்கடையிலேயே இருக்கிறது, ஆனால் யாராவது போய்க் கேட்க வேண்டும். வருமான வரம்பு உண்டு. அது அவ்வப்போது திருத்தப்படுவதால், சம்பளச் சான்றோ கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதமோ கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பிணை கொடுப்பதே விதி, மறுப்பதே விலக்கு என்று சொல்கிறது. வரமாட்டார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே போய் இன்னொரு குற்றம் செய்வார், அல்லது குற்றத்தின் பாரதூரத்தால் பொதுமக்கள் கொந்தளிப்பார்கள் என்ற காரணங்களுக்குள்தான் மறுக்கலாம், அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆகவே முதல் நாளில் "இவர் ஓடமாட்டார்" என்பதைக் காட்டக்கூடிய தாள்கள்தான் பெறுமதி: நிரந்தர முகவரி, எத்தனை வருடம் அந்தத் தோட்டத்தில், வேலை கொடுப்பவரின் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம், மருந்து எடுப்பவர் என்றால் கிளினிக் கொப்பி. இவற்றைக் கையில் கொண்டுபோகிற சட்டத்தரணிக்கும் வெறுங்கையோடு எழும்புகிற சட்டத்தரணிக்கும் இடையில் ஒரு தவணை வித்தியாசம் வரலாம். ஒரு தவணை என்றால் இரண்டு கிழமைக் கூலி.

மூன்றாவது கட்டம்தான் நீங்கள் பிடிக்கவேண்டியது: பிணைக் கட்டளை வந்ததிலிருந்து வெளியே வரும் வரை. சரீரப் பிணைக்கு (ஆள் பிணைக்கு) இரண்டு பேர் வேண்டும் என்று கட்டளை வந்தால், அவர்களிடம் தேசிய அடையாள அட்டையோடு கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் கேட்பார்கள். பல நேரங்களில் அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். வடகொழும்பில் இது உடைகிற விதங்கள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். பிணை நிற்க வருபவரின் அடையாள அட்டையில் அட்டன் அல்லது பதுளை முகவரி இருக்கும், ஆள் பதினைந்து வருடமாக மட்டக்குளியில் இருப்பார். வாடகை வீட்டின் சொந்தக்காரர் வாக்காளர் இடாப்பில் பெயர் போட விட்டிருக்கமாட்டார். கிராம உத்தியோகத்தர் "என் பிரிவில் பதிவில்லை" என்று திருப்பிவிடுவார். அல்லது ஒரே ஆள் ஏற்கெனவே வேறு வழக்கில் பிணை நின்றிருப்பார். வெள்ளிக்கிழமை கட்டளை கிடைத்து, சான்றிதழ் இல்லாமல் போனால், திங்கள் கிராம உத்தியோகத்தர், செவ்வாய் பிரதேச செயலகம், புதன் நீதிமன்றப் பதிவகத்தில் பிணைமுறியில் (பிணைக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்தில்) கையெழுத்து என்று ஐந்து நாள் சும்மா போய்விடும். காசுப் பிணையென்றால் பணம் கட்டும் கருமபீடம் மூடுவதற்குள் கட்ட வேண்டும். விடுதலைக் கட்டளை சிறைக்குப் போய்ச் சேர நேரம் தப்பினால் இன்னொரு இரவு.

இன்னுமொன்று. வேறு நீதிமன்றத்தில் பழைய பிடியாணையோ இன்னொரு விளக்கமறியல் கட்டளையோ இருந்தால் சிறையிலிருந்து வெளியே விடமாட்டார்கள். குடும்பத்துக்கு அது வாசலில்தான் தெரியவரும். முதல் சந்திப்பிலேயே "வேறு கேஸ் ஏதும் இருக்கா, எந்தக் கோர்ட், இலக்கம் என்ன" என்று கேட்டு, இருந்தால் அங்கேயும் நகர்த்தல் மனு (தவணைக்குக் காத்திராமல் நீதிமன்றத்திடம் கேட்கும் மனு) போட்டு ஒரே கிழமையில் இரண்டையும் முடிக்க வேண்டும்.

ஆகவே திட்டத்தில் இதைப் போடுங்கள்: பிணை நிற்கத் தகுதியுள்ளவர்கள் தங்கள் தாள்களை ஆபத்து வருவதற்கு முன்பே சரிசெய்துவைப்பது. வாக்காளர் இடாப்பு திருத்தும் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்ப்பிப்பது, அடையாள அட்டை முகவரியை மாற்றுவிப்பது. இது 16.9இல் வரும் சட்ட அடையாளத்தோடும் சேர்கிறது. இதே தாள்கள் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கும் பள்ளிக்கூட அனுமதிக்கும் உதவும் என்பதால் மக்கள் சலிக்காமல் வருவார்கள். பிணைச் சட்டம் ஆள் பிணை இல்லாமல் சொந்தப் பிணைமுறியிலும் விட இடம் தருகிறது. பிணையாளி கிடைக்காத ஏழைக்கு நிபந்தனையைத் தளர்த்தும்படி நகர்த்தல் மனு போடலாம் என்பதையும் உங்கள் சட்டத்தரணிக்கு நினைவூட்டுங்கள்.

எண்ணும் எழுத்தும்

அளக்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மேலே உள்ளவரின் மூன்று கட்டப் பிரிப்பே அளவுக்கும் சரியான சட்டகம்.

16.3க்கு மூன்று சுட்டிகள். 16.3.1: கடந்த 12 மாதத்தில் வன்முறைக்கு ஆளானவர்களில் எத்தனை வீதம் பேர் உரிய இடத்தில் முறைப்பாடு செய்தார்கள். 16.3.2: சிறையில் உள்ள மொத்தப் பேரில் தண்டனை விதிக்கப்படாதவர்களின் வீதம். 16.3.3: கடந்த இரண்டு வருடத்தில் பிணக்கு ஒன்றைச் சந்தித்தவர்களில் எத்தனை பேர் ஏதாவது தீர்க்கும் பொறிமுறையை அணுகினார்கள். கடைசி ஒன்று 2020இல் சேர்க்கப்பட்டது.

16.3.2ஐ வட்டாரத் திட்டத்தில் இலக்காகப் போடாதீர்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: சிறையில் 1,000 பேர், அதில் 600 பேர் தண்டனை பெறாதவர்கள். சுட்டி 60 வீதம். தண்டப் பணம் கட்ட முடியாத 200 பேரை உள்ளே தள்ளினால் 1,200இல் 600, அதாவது 50 வீதம். முன்னேற்றம் போலத் தெரியும், நடந்தது அநியாயம். மாறாக, தண்டம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் 200 பேரைச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்கு மாற்றி வெளியே விட்டால் 800இல் 600, அதாவது 75 வீதம். நல்ல காரியம் செய்து சுட்டி கெடுகிறது. இந்த நாட்டில் சிறைகள் கொள்ளளவின் இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பியிருக்கின்றன, உள்ளே இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விளக்கமறியல்காரர். ஆகவே தேசிய மட்டத்தில் இந்த எண் தேவைதான். ஒரு தோட்டத்தில் உங்கள் வேலை பலித்ததா என்று இது சொல்லாது.

இன்னொரு குறையும் உண்டு. சுட்டியின் வரைவிலக்கணம் சிறைச்சாலைகளில் இருப்பவர்களையே எண்ணுகிறது. பொலிஸ் கூண்டில் இருப்பவர் கணக்கில் வரமாட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் தடுத்துவைப்புக் கட்டளையில் பொலிஸ் பொறுப்பில் மாதக்கணக்கில் இருப்பவரும் அப்படியே விடுபட்டுப் போகலாம்.

நீங்கள் அளக்கவேண்டியது நாட்கள். மாதம் 120 பேர் உள்ளே போய்ச் சராசரியாக 15 நாள் இருந்தால், எந்த நாளில் போய் எண்ணினாலும் உள்ளே 60 பேர் இருப்பார்கள். அதே 120 பேர் சராசரி 60 நாள் இருந்தால் 240 பேர். நெரிசலையும் குடும்பத்தின் இழப்பையும் தீர்மானிப்பது பிடிப்பவர்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, இருக்கும் காலமும்தான்.

ஒவ்வொரு வழக்குக்கும் நான்கு திகதிகள் போதும்: பிடித்தது, முதலில் நீதவான் முன் நிறுத்தியது, பிணைக் கட்டளை, வாசலைத் தாண்டியது. இவற்றின் இடைவெளிகள் மூன்று. மூன்றுக்கும் தனித்தனியாக இடையத்தையும் (நாட்களை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் வரும் எண்ணையும்), பத்தில் ஒன்பது பேர் எத்தனை நாளுக்குள் வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் போட்டால், இரண்டு வருடம் உள்ளே இருந்த ஒருவர் முழுக் கணக்கையும் இழுத்துவிடுவார். கூடவே, தவணை போன ஒவ்வொரு தடவையும் காரணம்: அறிக்கை வரவில்லை, சட்டத்தரணி இல்லை, ஆளைக் கொண்டுவரவில்லை, சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை. இழப்புக்கு நாட்கூலி, சட்டத்தரணிக் கட்டணம், போக்குவரத்து, கடன் எடுத்திருந்தால் வட்டி என நான்கு நிரல்கள்.

ஒரு பொறி: சிறைக்குள் போய் ஒரு நாளில் நேர்காணல் செய்து சராசரி எடுக்காதீர்கள். நீண்ட காலம் இருப்பவர்தான் எப்போது போனாலும் அகப்படுவார், மூன்று நாளில் வெளியே வந்தவர் அகப்படமாட்டார். உள்ளே போன நாளிலிருந்து ஒரு காலாண்டுத் தொகுதியை எடுத்து, எல்லோரும் வெளியே வரும் வரை தொடருங்கள். குற்றவழக்குத் தகவலை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகையாகக் கருதுகிறது. பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பில், நாட்களின் அட்டவணை வேறொரு கோப்பில், நடுவில் இலக்கம் மட்டும்.

அரச தரப்புத் தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக இருந்தால் உங்கள் அமைப்பின் பெயரிலேயே கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். "விளக்கமறியல் பற்றிய தரவு தரவும்" என்று எழுதினால் ஆண்டறிக்கையின் ஒரு பக்கத்தை அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை கொழும்பு விளக்கமறியல் சிறையில் இருந்து பிணையில் விடுவிக்கப்பட்டோர், அவர்கள் இருந்த காலம் 7 நாளுக்குள், 8 முதல் 14, 15 முதல் 30, 31 முதல் 90, 91 முதல் 365, அதற்கு மேல் எனத் தனித்தனியாக. அப்படித் தொகுக்கவில்லை என்று பதில் வந்தால், எந்தப் பதிவேட்டில் அனுமதி, விடுதலைத் திகதிகள் எழுதப்படுகின்றன என்று அடுத்த விண்ணப்பத்தில் கேளுங்கள். முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். நீட்டிப்பு 21 நாள் வரை. திருப்தியில்லையென்றால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தக் காலம் முழுவதையும் சேர்த்தால் அரை வருடம் தாண்டலாம் என்பதால் முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

இருமொழிப் பிரிவு

பிடிபட்டவரின் பக்கம் மட்டும் பேசப்படுகிறது. 16.3.1 பாதிக்கப்பட்டவரைப் பற்றியது, கொழும்பில் தமிழ் பேசுகிறவருக்கு அது மொழியிலேயே இடறுகிறது.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, ஒப்பம் வாங்குகிறார்கள். வாசிக்கத் தெரியாமல் வைத்த ஒப்பம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சாட்சிக் கூண்டில் அந்தப் பெண் தமிழில் நடந்ததைச் சொல்வார், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பொலிஸ் வாக்குமூலத்தை எடுத்து "அப்போது இப்படிச் சொல்லவில்லையே" என்று முரண் குறிப்பார். "கதவைத் தள்ளினான்" என்பது "கதவைத் தட்டினான்" என்று எழுதப்பட்டிருந்தால் அத்துமீறல் வழக்கே ஆட்டம் காணும்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக இருக்கும் இடத்திலும் எந்த உத்தியோகத்தரோடும் தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. 24ஆம் உறுப்புரைப்படி நீதிமன்றத்தில் புரியாத மொழிக்கு அரசே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும். நடைமுறைக்கு: முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். அவர்கள் வாய்மூலமும் எழுதுவார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் "வாசித்து மொழிபெயர்க்கப்படவில்லை" என்று தமிழில் ஒப்பத்துக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். கூட ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது, ஆனால் சம்பவத்தின் சாட்சியை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள்.

அடுத்து, முறைப்பாடு எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது என்று கேளுங்கள். எம்.ஓ.ஐ.பி. என்கிற சிறு குற்றத் தகவல் புத்தகத்தில் ஏறினால் "இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி விடுவோம்" என்பதோடு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். பாரிய குற்றமாகப் பதிவானால் விசாரணையும் மேலதிகாரியின் கண்காணிப்பும் வரும். புத்தகம், பக்கம், இலக்கம், திகதி நான்கையும் குறித்துக்கொண்டு வராத முறைப்பாட்டைப் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. காயம் இருந்தால் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைப் பொலிஸிடம் கேட்டு வாங்கி அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். கன்றல் நிறம் மாறிய பிறகு போனால் அது எப்போது ஏற்பட்டது என்பதில் சந்தேகம் நுழையும்.

வீட்டு வன்முறையைச் சமரசத்தில் முடிக்க உங்கள் தொண்டர்கள் உதவக்கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் நீதவானிடம் நேரடியாகப் போய் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம், பிறகு 12 மாதம் வரைக்குமான கட்டளையும் உண்டு. குற்ற வழக்குப் போடாமலே இது கிடைக்கும் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. மிரட்டல் வந்தால் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதில் தேசிய அதிகாரசபைக்கு விண்ணப்பிக்கலாம்.

வடகொழும்பு வாசி

மிக்க நன்றி. தாள்களைச் சரிசெய்வதை முதல் வருடத்துக்கு எடுக்கிறோம், நான்கு திகதிப் பதிவேடும் அப்படியே. ஒரு விஷயம் மட்டும் தெளிவில்லை. எங்கள் பக்கம் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலான பேர் போதைப்பொருள் வழக்குக்காரர். அவர்களுக்கும் பிணைச் சட்டம் இப்படியே பொருந்துமா? மத்தியஸ்த சபைக்கு எதை அனுப்பலாம்?

புதுக்கடைக் குறிப்பேடு

பொருந்தாது, இதைத் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்துக் காசு பிடுங்குகிறவர்கள் இந்த வழக்குகளைச் சுற்றித்தான் நிற்பார்கள். பிணைக்குத் தனி ஏற்பாடு உள்ள சட்டங்களுக்குப் பிணைச் சட்டம் செல்லாது. நச்சுப்பொருள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டத்தின் 54அ பிரிவில் அறிக்கை போடப்பட்டால் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம், நிறை கூடினால் மேன்முறையீட்டு நீதிமன்றம், அங்கேயும் விதிவிலக்கான சூழ்நிலை காட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தோடு ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனும் இதற்குள் வந்துவிட்டது. 5 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் தண்டனை மரணம் அல்லது ஆயுள். ஹெரோயினுக்கு அந்த எல்லை 2 கிராம்.

இங்கே நாட்களைத் தின்பது அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை. பி அறிக்கையில் எழுதியிருப்பது பொட்டலத்தின் மொத்த நிறை. வழக்கைத் தீர்மானிப்பது அதில் உள்ள சுத்த நிறை. மொத்தம் 3 கிராம் என்று பிடித்தது சுத்தமாக ஒரு கிராமுக்குக் கீழே வரலாம். அந்த அறிக்கை வரும் வரை குற்றப்பகர்வும் (முறையான குற்றச்சாட்டுப் பத்திரமும்) இல்லை, மரண தண்டனை வழக்கா சாதாரண வழக்கா என்பதும் தெரியாது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகத் தொடங்கிய யுக்திய நடவடிக்கை போன்ற கூட்டுக் கைதுகள் நடக்கும்போது மாதிரிகள் ஒரே பகுப்பாய்வுக் கூடத்தில் குவிந்து எல்லோருடைய வரிசையும் நீள்கிறது. ஆகவே உங்கள் சட்டத்தரணி ஒவ்வொரு தவணையிலும் கேட்கவேண்டிய கேள்வி: மாதிரி எந்தத் திகதியில் ஒப்படைக்கப்பட்டது, பற்றுச்சீட்டு இலக்கம் என்ன? ஒப்படைக்கவே தாமதித்திருந்தால் அதை வழக்கேட்டில் பதியச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு பிறகு மேல் நீதிமன்றப் பிணை மனுவில் பயன்படும். பாவனையாளர் மட்டும் என்றால் சிகிச்சைப் பதிவை முதலிலேயே காட்டுங்கள்.

பிணைச் சட்டம் செல்லுகிற வழக்குகளில் 16ஆம் பிரிவை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். பிடித்த நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் தீர்ப்பில்லாமல் வைக்கக்கூடாது. சட்டமா அதிபர் விண்ணப்பித்தால் மூன்று மூன்று மாதமாக, மொத்தம் இன்னும் 12 மாதம் வரை நீட்டலாம். அந்தத் திகதி யாரும் நினைவுபடுத்தாமல் கடந்துபோவது உண்டு. கொலை வழக்கில் பிணை மேல் நீதிமன்றத்தில்தான்.

24 மணி நேரத்தை மீறினால், அடித்தால், அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் (தொலைபேசி இலக்கம் 1996) முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. வெறும் கடிதம் போட்ட பற்றுச்சீட்டோடு இருந்துவிடாதீர்கள். விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று ஆணைக்குழுவிடமிருந்து எழுத்தில் வாங்கிவைத்தால்தான் பிறகு காலங்கடந்தது என்ற ஆட்சேபத்துக்குப் பதில் இருக்கும்.

மத்தியஸ்த சபைக்கு (1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம்) அயலவர் சண்டை, சிறு காயம், கடன், சொத்துச் சேதம் போன்றவை. செலவில்லை. இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அட்டவணையில் உள்ள விடயங்களில் நீதிமன்றம் வழக்கை எடுக்காது.

களனி முகம்

எல்லாம் பயனுள்ள தகவல். ஆனால் சட்டத்தின் ஆட்சியும் அபிவிருத்தியும் என்று எழுதிவிட்டுத் தோட்டத்துப் பையன்களின் பிணையோடு நிறுத்தினால் பாதிக் கதை விடுபடுகிறது. இதே தோட்டங்களில் 2022 பொருளாதார நெருக்கடியில் அடுப்பு அணைந்ததற்கு எந்தப் பொட்டலமும் காரணமில்லை. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஆட்சியாளர்களான கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. அது அடிப்படை உரிமை வழக்கு. மீறல் என்று பிரகடனம் வந்தது, குற்றவியல் தண்டனை அதில் இல்லை. ஒரு பக்கம் ஒரு கிராமுக்காக ஒரு வருடம், மறுபக்கம் இது. மக்கள் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள், சட்டத்தில் அவர்களுக்கு நம்பிக்கை வருவதும் போவதும் அதனால்தான்.

வடகொழும்புக்கு இன்னும் நெருக்கமானது எக்ஸ்பிரஸ் பேர்ல். 2021 மேயில் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய கப்பல். பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கி, மீன்பிடித் தடையால் முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரை தொழில் நின்றது. 2025 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. இந்த மாதிரி நட்டஈடு வரும்போது பதிவுள்ள படகுக்காரருக்குத்தான் முதலில் கை எட்டும். வலை இழுக்கும் கூலிக்காரர், கருவாடு போடும் பெண்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் 16.3தான். அவர்களின் அன்றைய வருமானத்துக்குச் சான்று சேர்க்க உங்கள் சேமிப்புக் குழுக் கொப்பிகளே போதும்: கிழமைச் சேமிப்பு எந்தத் திகதியில் நின்றது என்று அதில் இருக்கும்.

குப்பை, அடைபட்ட கான், புகை என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். திகதியிட்ட படங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, பாதிக்கப்பட்ட பல வீட்டாரின் சத்தியக்கடதாசி ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லையென்றால் அது பொதுத் தொல்லை ஆகாது.

இலஞ்சத்துக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், 1954க்கு அழைக்கலாம். "அங்கே காசு கேட்கிறார்கள்" என்றால் விசாரிக்க ஒன்றுமில்லை. யார், எந்த அலுவலுக்கு, எந்தத் திகதியில், எவ்வளவு கேட்டார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

களனி முகம் சொல்வதோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு சிறிய அமைப்பு முதல் வருடத்தில் பிணை, நட்டஈடு, பொதுத் தொல்லை, இலஞ்சம் நான்கையும் தூக்கினால் நான்கும் விழும். பிணைத் தாள்களும் நட்டஈட்டுச் சான்றும் ஒரே வீட்டுக் கோப்பில் சேரும், ஆகவே அவை இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம். மற்றவை இரண்டாம் வருடம்.

அடிப்படைத் தரவு எடுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். முதல் மூன்று மாதம் எந்த உதவியும் செய்யாமல் அளப்பது நியாயமில்லை என்று தோன்றினால், கடந்த வருடம் வெளியே வந்தவர்களின் பிணைமுறிப் பிரதி, விடுதலைத் துண்டு ஆகியவற்றிலிருந்து பின்னோக்கி நான்கு திகதிகளையும் எடுங்கள். நினைவிலிருந்து சொல்லும் திகதியை வேறு நிறத்தில் எழுதுங்கள். தாளில் உள்ள திகதியோடு அதைக் கலக்க வேண்டாம்.

புதுக்கடைக் குறிப்பேடு

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். அமைப்பின் ஊழியர் எவரும் தானே பிணை நிற்கக் கூடாது, பிணையாளி தேடிக் கொடுத்து ஒரு சதமும் வாங்கக் கூடாது, இதை ஊழியர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிணை பெற்றவர் தவணைக்கு வராவிட்டால் பிணைமுறித் தொகை பிணையாளியிடம் அறவிடப்படும். அதனால் பிணை நிற்பவருக்கு அந்த ஆபத்தைத் தமிழில் சொல்லி, புரிந்தது என்று உறுதிப்படுத்திய பிறகே பதிவகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். தவணைக்கு முதல் நாள் மாலை சந்தேகநபருக்கும் பிணையாளிக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க ஒருவரை நியமியுங்கள். அடுத்த திகதியைத் தவறாகக் கேட்டுக்கொண்டு போய்ப் பிடியாணை வாங்குகிறவர்கள் ஏராளம். திகதியை வழக்கு இலக்கத்தோடு பதிவகத்தில் சரிபார்த்த பிறகே நீதிமன்றத்தை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.